அம்பாசிடர் பின் அச்சு மாற்றினேன், இப்போது ஷாஃப்ட் உதறுகிறது. வெட்டலாமா?

அரவேணு மார்க்-2:

கோத்தகிரி அரவேணுவிலிருந்து எழுதுகிறேன். வண்டி 1969 அம்பாசிடர் மார்க் 2, பெட்ரோல், கை கியர். சித்தப்பா வைத்திருந்தது, இப்போது என்னிடம். இஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டிலும் குறை இல்லை.

பழைய பின் அச்சில் கிரவுன் பினியன், அதாவது ஷாஃப்டின் சுற்றைச் சக்கரங்களுக்குத் திருப்பும் பல்சக்கர ஜோடி, ரொம்ப நாளாக ஊளையிட்டுக்கொண்டிருந்தது. கட்டபெட்டு ஏற்றத்தில் ஒரு நாள் டக் டக் என்று அடிக்க ஆரம்பித்தது. ஆயிலை இறக்கிப் பார்த்தால் நகத்தளவு பல் துண்டு வந்து விழுந்தது. கிரவுன் செட் தனியாகத் தேடிக் கிடைக்காமல், உக்கடத்தில் பழைய வண்டிச் சாமான் கடையில் முழு அச்சாக ஒன்று எடுத்து வந்தேன். எந்த வருஷத்து வண்டியில் கழற்றியது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. பிந்தைய மாடல், அநேகமாக டீசல் வண்டி என்றார்.

கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) உட்காரும் இடங்களின் தூரம் சரியாக வந்தது. வீல் போல்ட், பிரேக் பைப் முனை எல்லாம் அப்படியே பொருந்தின. பல்லை எண்ணிப் பார்த்தேன்: பழையதில் கிரவுன் 39, பினியன் 8. இதில் 41க்கு 9. அதாவது 4.875 இருந்த இடத்தில் 4.556. மேட்டில் இழுவை கொஞ்சம் குறையும் என்று தெரிந்துதான் எடுத்தேன்.

பொருந்தாதது பினியன் ஃபிளாஞ்சு மட்டும், அதாவது கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்டை அச்சோடு போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டு. இரண்டிலும் நான்கு போல்ட்தான். ஆனால் புதிய அச்சில் ஓட்டைகள் இன்னும் பெரிய வட்டத்தில் தள்ளி இருக்கின்றன. இங்கே ஒரு பட்டறையில் 12 மில்லி இரும்புத் தகட்டை வட்டமாக வெட்டி, ஷாஃப்டுக்கு நான்கு ஓட்டை, அச்சுக்கு நான்கு ஓட்டை போட்டு நடுவில் வைத்து இறுக்கிக் கொடுத்தார்கள்.

வண்டி ஓடுகிறது. ஆனால்,

முதல் கியரில் மேட்டில் எடுக்கும்போது பின் சீட்டுக்கு அடியில் குடுகுடுவென்று உதறுகிறது. வேகம் பிடித்ததும் நின்றுவிடுகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து காரமடை போகும் ரோட்டில் 50ஐத் தாண்டினால் தரை முழுக்க அதிர்கிறது. ஸ்டீயரிங் ஆடுவதில்லை. 60இல் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியே தெரியாத அளவுக்கு நடுக்கம்.

பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து குழியில் இறங்கினால் 'டம்' என்று ஒரு இடி. அது கியர்பாக்ஸ் வரைக்கும் கேட்கிறது.

பட்டறையில் கேட்டால், தகடு வைத்ததால் ஷாஃப்ட் நீளமாகிவிட்டது, ஒரு அங்குலம் வெட்டி வெல்டு வைத்து, கோவையில் பேலன்ஸ் பண்ணினால் மூன்றும் சரியாகிவிடும் என்கிறார்கள். நல்ல ஷாஃப்டை வெட்ட மனசு வரவில்லை. இதைச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?


ஊட்டி டாக்ஸி:

தம்பி, அம்பாசிடரில் தரை அதிர்ந்தால் முதலில் யு.ஜே. கிராஸைப் பாருங்க, ஷாஃப்டின் இரு முனையிலும் மடங்கிச் சுற்ற விடும் மூட்டின் சிலுவைத் துண்டு. கையால் ஷாஃப்டைப் பிடித்துத் திருப்பினால் ஆட்டம் இருக்கிறதா? இருந்தால் இரண்டு கிராஸையும் மாற்றிவிட்டு மற்றதைப் பேசலாம். டயரையும் முன்னுக்குப் பின் மாற்றிப் போட்டுப் பாருங்க. நான் டாக்ஸி ஓட்டின காலத்தில் பாதி அதிர்வு டயரில்தான் இருந்தது.


குன்னூர் பட்டறை:

அரவேணு தம்பி, ஷாஃப்டை வெட்டாதே.

உன் வண்டியில் இருப்பது மூன்று கோளாறு. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஒரே வெட்டில் மூன்றும் போய்விடும் என்று சொல்கிறவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் சொல்கிறார்.

50க்கு மேல் வரும் அதிர்வை எடுத்துக்கொள். டாக்ஸி அண்ணன் சொன்ன டயர் விஷயம் தப்பில்லை. ஆனால் டயரின் அதிர்வு மெதுவாக, உடம்பு ஆடுகிற மாதிரி வரும். உனக்கு 5.90-15 டயர். 40 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஐந்து சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும். ஷாஃப்ட் நொடிக்கு 25 சுற்று. கண்ணாடி மங்குகிற மாதிரி நடுங்குகிறது என்றால் அது ஷாஃப்டின் வேகம், டயரினது அல்ல.

அந்த 12 மில்லி தகடுதான் எனக்கு உறுத்துகிறது. ஷாஃப்ட் ஃபிளாஞ்சின் முகத்தில் நடுவே வட்டமாக ஒரு மேடு இருக்கும். அச்சின் ஃபிளாஞ்சில் அதே அளவுக்கு ஒரு பள்ளம். மேடு பள்ளத்துக்குள் இறுக்கமாக உட்கார்வதால்தான் ஷாஃப்ட் மையத்தில் நிற்கிறது. போல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கிற வேலை மட்டும்தான். தகடு வெட்டினவர் இரண்டு முகத்திலும் அந்த மேடு பள்ளத்தைக் கடைந்தாரா, இல்லை ஓட்டை மட்டும் துளைத்தாரா? ஓட்டை மட்டும் என்றால் ஷாஃப்ட் போல்ட்டின் இடைவெளியில் தொங்குகிறது. பின் பக்க எடை நாலு கிலோ என்று வைத்துக்கொள். மையம் அரை மில்லி தவறினால் போதும், 60 கி.மீ. வேகத்தில் பத்து கிலோவுக்கு மேல் ஒரு இழுப்பு நொடிக்கு 37 தடவை சுற்றிச் சுற்றி வரும். வேகம் பாதியானால் இழுப்பு கால்வாசிதான். அதனால்தான் ஊருக்குள் தெரியவில்லை, காரமடை ரோட்டில் தெரிகிறது. இப்படி மையம் தவறின ஷாஃப்டைக் கழற்றிக்கொண்டு போய் மெஷினில் பேலன்ஸ் பண்ணினால் அங்கே சுத்தமாக வரும். திரும்ப மாட்டினால் பழைய கதைதான்.

சோதிப்பது சுலபம். முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வை. பின் அச்சை இரண்டு ஸ்டாண்டில் ஏற்று, ஜாக்கியை நம்பி அடியில் போகாதே. நியூட்ரலில் வைத்து, ஒரு மரக்கட்டை மேல் சாக்பீஸை அசையாமல் பிடித்து, ஷாஃப்டின் பின் முனைக்குப் பக்கத்தில் லேசாகத் தொட்டபடி சக்கரத்தைக் கையால் சுற்று. கோடு முழு வட்டமாக விழுந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் மையம் போயிருக்கிறது. முன் முனையிலும் அதே மாதிரி பார்.

அப்புறம் அந்த 'டம்'. ஷாஃப்டில் ஸ்ப்லைன் (நீளவாக்கில் வெட்டின பல்) நழுவுகிற இடம் இருக்கிறதே, அது முட்டுகிறது. அச்சு முன்னும் பின்னும் நகர்வதற்காகத்தான் அந்த நழுவல் வைத்திருக்கிறார்கள். 12 மில்லியைத் தகடு தின்றுவிட்டது. வண்டி நாலு சக்கரத்தில் தரையில் நிற்கும்போது பின் ஃபிளாஞ்சு போல்ட்டுகளைக் கழற்றி, ஷாஃப்டை முன்னால் முட்டும் வரை தள்ளி, இடைவெளியை அள. எவ்வளவு வருகிறது என்று எழுது. கமான் பட்டை எப்படி இருக்கிறது என்றும் சொல். பட்டை நல்ல வளைவோடு இருந்தால், ஆள் ஏறி அது நேராகும்போது அச்சு பின்னால் நகரும். ஷாஃப்டுக்கு அது நல்லது. பட்டை ஏற்கனவே செத்து நேராகிக் கிடந்தால், ஆள் ஏறியதும் எதிர்ப்பக்கம் வளைந்து அச்சை முன்னால் இழுக்கும். அப்போதுதான் முட்டும்.

ஒன்று ஞாபகம் வை. ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது. மலையில் இருக்கிறவன் பழக்கத்தில் கியரைப் போட்டுவிட்டு இறங்கிவிடுவான். அச்சு மாற்றியிருக்கிறாய், ஹேண்ட் பிரேக் கேபிள் எந்த அளவுக்குச் செட் ஆகியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கட்டை வைக்காமல் போல்ட்டைத் தொடாதே.

மேட்டில் உதறுவது கோணக் கோளாறு. ஒரு யு.ஜே. கோணலாகச் சுற்றும்போது, உள்ளே போகும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே வரும் வேகம் சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கும். கோணம் 10 டிகிரி என்றால் 1500 சுற்று போகும் ஷாஃப்ட் 1477க்கும் 1523க்கும் நடுவே அலையும். 3 டிகிரி என்றால் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட வராது. முன் யு.ஜே. செய்யும் அலைச்சலைப் பின் யு.ஜே. அழித்துவிட வேண்டும். அதற்கு இரண்டு இடத்திலும் கோணம் ஒன்றாக இருக்கணும், ஷாஃப்டின் இரு முனையிலும் இருக்கும் யோக்கின், அதாவது கிராஸைப் பிடிக்கும் கவையின், காதுகள் ஒரே நேரில் இருக்கணும். ஸ்ப்லைனைக் கழற்றித் திரும்பப் போடும்போது ஒரு பல் தள்ளிப் போட்டிருந்தாலும் நேர் போய்விடும். பழைய ஷாஃப்டில் அம்புக்குறி அடித்திருப்பார்கள், அழுக்கைத் துடைத்துத் தேடு.

கோணத்தை போனிலேயே அளக்கலாம், மட்டம் பார்க்கும் ஆப் போதும். கியர்பாக்ஸ் வால், ஷாஃப்ட் குழாய், பினியன் ஃபிளாஞ்சு, மூன்று இடம். ஃபிளாஞ்சு முகம் செங்குத்தாக இருப்பதால் அதில் 90ஐக் கழித்துக்கொள். தரை சமமாக இருக்கணும் என்று அலையாதே. நம் ஊரில் சமதளம் வேண்டும் என்றால் ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்துக்குத்தான் போகணும். தரைச் சரிவு மூன்றிலும் ஒரே அளவு கூடும், நமக்கு வேண்டியது வித்தியாசம். ஆனால் வண்டி சக்கரத்தில் நிற்கணும், ஸ்டாண்டில் தொங்கக் கூடாது.

அளந்து எழுது, மற்றதை அப்புறம் பேசலாம்.


அரவேணு மார்க்-2:

அண்ணா, ரொம்ப நன்றி. சொன்னபடி பார்த்தேன்.

தகட்டில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. இரண்டு பக்கமும் தட்டையாக, ஓட்டை மட்டும்தான். ஷாஃப்டின் மேடு உட்காருவதற்கு நடுவில் ஒரு பெரிய துளை விட்டிருக்கிறார்கள். அதற்குள் மேடு லொடலொடவென்று கிடக்கிறது. சாக்பீஸ் கோடு முன் முனையில் முழு வட்டம். பின் முனையில் பாதி வட்டத்துக்கும் குறைவு.

யு.ஜே. இரண்டிலும் ஆட்டம் இல்லை. டாக்ஸி அண்ணன் சொன்ன மாதிரி டயரையும் மாற்றிப் போட்டு ஓட்டினேன், அதிர்வில் வித்தியாசம் தெரியவில்லை. காரமடை ரோட்டில் 60 வரை போய் நியூட்ரலில் விட்டாலும் அதிர்வு அப்படியே இருக்கிறது.

ஷாஃப்டை முன்னால் தள்ளினால் 9 மில்லிதான் இடைவெளி. கமான் பட்டை, நீங்கள் சொன்னதுதான். காலி வண்டியிலேயே நேர்கோடு. அதனால் மேட்டுப்பாளையத்தில் பட்டை வேலை செய்யும் இடத்தில் கொடுத்து வளைவு ஏற்றி, ஒரு பிளேடு மாற்றிவிட்டேன். அதன் பிறகுதான் கோணம் அளந்தேன். தரைச் சரிவைக் கழித்துவிட்டு:

கியர்பாக்ஸ் வால் பின்னோக்கி 3 டிகிரி கீழே சாய்கிறது. ஷாஃப்ட் 5 டிகிரி. பினியன் மூக்கு 6 டிகிரி மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது.

யோக்குக் காதுகள் நேராக இருக்கின்றன, அம்புக்குறியும் கிடைத்தது. ஆனால் முன்னால் 2 டிகிரி, பின்னால் 1 டிகிரிதானே வருகிறது? இது சரியாகத்தானே இருக்கிறது? பிறகு ஏன் உதறுகிறது?


குன்னூர் பட்டறை:

பட்டையை முதலில் செய்தது நல்ல வேலை. கோணத்தைச் சரி செய்துவிட்டுப் பட்டையில் கை வைத்தால் எல்லாம் திரும்ப மாறியிருக்கும்.

நிற்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. உதறுவது நிற்கும்போது இல்லையே. முதல் கியரில் மேட்டில் எடுக்கும்போது பினியன் கிரவுனைத் திருப்புகிறது. சக்கரம் சுலபமாகத் திரும்ப மாட்டேன் என்கிறது. அப்போது அச்சே பின்னோக்கிப் புரளப் பார்க்கும், பினியன் மூக்கு மேலே எழும்பும். தடுப்பது கமான் பட்டை மட்டும்தான். பட்டை எஸ் மாதிரி முறுக்கிக்கொண்டு மூக்கை இரண்டு டிகிரியோ நாலு டிகிரியோ விட்டுக் கொடுக்கும். உன் மூக்கு ஏற்கனவே 6இல் நிற்கிறது. அது 10க்குப் போனால் பின் யு.ஜே.யில் 5 டிகிரி, முன்னால் அதே 2. அழிக்க வேண்டியது அழிவதில்லை. வேகம் பிடித்ததும் இழுப்புக் குறைந்து மூக்கு இறங்கிவிடுகிறது, உதறலும் நின்றுவிடுகிறது. கீழ்நாட்டில் இந்த வண்டியை ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. அரவேணுவில் வீட்டு வாசலிலிருந்தே ஏற்றம்.

அதனால் கமான் பட்டை வண்டியில் மூக்கை வேண்டுமென்றே கொஞ்சம் தாழ்த்தி வைக்கணும். கியர்பாக்ஸுக்கு நேராக வைத்தால் 3 டிகிரி. அதிலிருந்து ஒன்று குறைத்து 2 வை. இழுக்கும்போது அது 3, 4 என்று போகும், பின் யு.ஜே.யின் கோணம் முன்னால் இருக்கும் 2 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். யு.ஜே.யில் கோணமே இல்லாமல் நேர்கோடாக வைக்கவும் கூடாது. உள்ளே ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் அடித்துப் பள்ளம் விழுந்துவிடும்.

ஆக, 4 டிகிரி இறக்கணும். இந்த அச்சில் பட்டை உட்காரும் மேடை வேறு கோணத்தில் வெல்டு ஆகியிருக்கிறது, வேறு மாடல் என்பதால். மேடையை வெட்டி வெல்டு வைக்கச் சொல்லவில்லை. சூடு பட்டால் அச்சுக் கூடு வளைந்துவிடும். பட்டைக்கும் மேடைக்கும் நடுவில் சரிவாகக் கடைந்த ஆப்பு வை. இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஸ்டீல்தான், அலுமினியம் வேண்டாம். மேட்டில் நசுங்கிவிடும். பட்டைக்கு மேல் அச்சு உட்கார்ந்திருந்தால் ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் வரணும். பட்டைக்குக் கீழ் அச்சு தொங்கினால் தடித்த பக்கம் முன்னால். மாற்றி வைத்தால் மூக்கு 10க்குப் போய்விடும், அப்புறம் என்னைத் திட்டாதே. சென்டர் போல்ட்டின் தலை ஆப்பைத் தாண்டி அச்சு மேடையின் குழிக்குள் போய் உட்கார்கிறதா என்று பார். எட்டவில்லை என்றால் நீள போல்ட் போடு. அந்தத் தலைதான் அச்சை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கிறது. யூ போல்ட்டும் நீளமாக வேண்டியிருக்கலாம். பட்டையின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக வண்டியைத் தரையில் இறக்கிவிட்டு இறுக்கு. தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து கிழியும்.

இனி அந்தத் தகடு. தூக்கிப் போடு. உன் பழைய கிரவுன் நன்றாக இருந்திருந்தால் ஒரே வேலையில் முடிந்திருக்கும். இந்த ரகத்தில் கிரவுன், பினியன், ஃபிளாஞ்சு எல்லாம் ஒரே தலையாக முன்பக்கமாகக் கழன்று வரும். ஹாஃப் ஷாஃப்ட் (அச்சுக்குள் சக்கரத்துக்குப் போகும் தண்டு) இரண்டையும் இழுத்துவிட்டு, பழைய தலையைப் புதிய கூட்டில் மாட்டிவிடலாம். உனக்குப் பல் உடைந்துவிட்டது, அந்த வழி போச்சு.

பினியன் நட்டைக் கழற்றிப் பழைய ஃபிளாஞ்சைப் புதிய பினியனில் ஏற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். ஸ்ப்லைன் ஒத்துப்போனால் ஏறும். ஆனால் உள்ளே பேரிங்குக்கு நடுவில் நசுங்குகிற ஸ்லீவ் இருக்கும் ரகமா, ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) வைத்த ரகமா என்று தெரியாமல் அந்த நட்டைத் தொடுவது நல்லதல்ல. நசுங்கும் ஸ்லீவ் என்றால் ஒரு தடவை கழற்றினதும் புதிது போட்டு, பினியன் சுற்றுகிற இறுக்கத்தைத் திரும்ப அளந்து வைக்கணும். நான் செய்வேன், நீ வீட்டில் செய்யாதே.

இருப்பதில் சுலபமான வழி: உக்கடம் கடைக்கே திரும்பப் போ. அந்த அச்சோடு வந்த ஷாஃப்ட் அங்கேதான் எங்கேயாவது குவியலில் கிடக்கும். முழு ஷாஃப்ட் வேண்டாம். பின் முனையில் இருக்கும் ஃபிளாஞ்சு யோக்கை மட்டும் கேள். உன் கிராஸின் கப் விட்டமும், ஒரு கப்பிலிருந்து எதிர்க் கப் வரை அகலமும் காலிப்பரில் அளந்து எழுதிக்கொண்டு போ. ஒத்துப்போனால் உன் ஷாஃப்டின் பின் கிராஸில் அந்த யோக்கை மாட்டினால் வேலை முடிந்தது. வெட்டும் இல்லை, வெல்டும் இல்லை. தகடு போனதால் 12 மில்லி திரும்பக் கிடைக்கும், நழுவல் 21 ஆகும். எனக்கு 25 இருந்தால் பிடிக்கும். உன் பட்டை இப்போது நிமிர்ந்துவிட்டதால் 21 போதும்.


கணபதி லேத்து:

கோவை கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன், ஷாஃப்ட் வேலையும் எடுக்கிறோம். குன்னூர்க்காரர் சொன்ன யோக்கு வழிதான் சரிங்க. யோக்கு கிடைக்காமல் கடைசியில் வெட்டித்தான் ஆகணும் என்று வந்தால், கொடுக்கும் இடத்தில் இதையெல்லாம் கேட்டு வாங்குங்க.

ஷாஃப்டை ஹேக்ஸாவில் அறுக்கக் கூடாது. லேத்தில் கட்டி, பழைய வெல்டை மட்டும் கடைந்து எடுத்து யோக்கைப் பிரிக்கணும். குழாயைச் சுருக்கி, முனையை லேத்திலேயே செங்குத்தாக எடுத்து, யோக்கை இறுக்கமாக அடித்து ஏற்றணும். நான்கு இடத்தில் பொட்டு வெல்டு மட்டும் வைத்து, டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்க்கணும். குழாய் முழுக்க ஓட்டம் (சுற்றும்போது கேஜ் முள் ஆடும் அளவு) அரை மில்லிக்குள் வரணும். நாங்கள் கால் மில்லிக்குப் பார்ப்போம். தாண்டினால் பொட்டைத் தட்டித் திருத்தணும். அதன் பிறகுதான் முழு வெல்டு, அதையும் ஒரு பக்கமே ஓட்டாமல் எதிரெதிராக. வெல்டு ஆறின பிறகு திரும்ப டயல். இதெல்லாம் முடிந்தால்தான் பேலன்ஸ் மெஷின். கோணின ஷாஃப்டைப் பேலன்ஸ் மெஷினில் ஏற்றி, பக்கத்துக்கு மூன்று எடைத் துண்டு வெல்டு வைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அதை வாங்கிவிட்டு வராதீங்க.

யோக்கு ஏற்றும்போது இரண்டு முனையின் காதுகளும் நேராக இருக்கிறதா என்று சமப் பலகையில் வைத்துப் பார்க்கணும். கண்ணால் பார்த்தால் இரண்டு மூன்று டிகிரி தவறுவது தெரியாது.

மலையிலிருந்து வரும் ஷாஃப்டுகளில் நான் அடிக்கடி பார்ப்பது தண்ணீர்க் குழாய். உடைந்த குழாய்க்குப் பதில் ஜி.ஐ. பைப்பை வெட்டி வெல்டு வைத்திருப்பார்கள். சுவர் கனம் ஒரு பக்கம் ஒரு மாதிரி இருக்கும், எவ்வளவு பேலன்ஸ் பண்ணினாலும் நிற்காது. ஷாஃப்டுக்கென்று வரும் குழாய்தான் வேண்டும்.

ஃபிளாஞ்சு போல்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டிக்கு இன்ச் கணக்கு, யு.என்.எஃப். (நெருக்கமான) மரை. ஹார்டுவேர் கடையில் தலை வரைக்கும் மரை ஓடின போல்ட் வாங்கிப் போடாதீங்க. ஓட்டைக்குள் இருக்கும் பாகம் மரையில்லாமல் வழவழப்பாக, இறுக்கமாகப் போகணும். ஹை டென்சில், நைலாக் நட்டு.


பெருமாள்மலை ஜீப்:

கொடைக்கானல் பக்கம். என்னிடம் இருப்பது மகிந்திரா சி.ஜே. 3பி, ஃபோர் வீல் டிரைவ். ஜீப் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுப் பின் அச்சு மாற்றப் போனால் என்று இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

அம்பாசிடரில் பல் விகிதம் மாறினால் இழுவை குறையும், அவ்வளவுதான். ஜீப்பில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதமாக இருந்தே ஆகணும். என் வண்டியில் இரண்டிலும் 43க்கு 8, அதாவது 5.38. பின்னால் மட்டும் 39க்கு 8 மாட்டினால் ஃபோர் வீல் போட்டதும் முன்னுக்கும் பின்னுக்கும் பத்து சதவீதம் வித்தியாசம். சேற்றில் டயர் வழுக்கிச் சமாளிக்கும். காய்ந்த தார் ரோட்டில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் அச்சுக்குச் சுற்றைப் பிரிக்கும் பெட்டி) இறுகிக்கொண்டு லீவரே திரும்ப வராது. வடகவுஞ்சியில் ஒருவர் இப்படி மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுத்து எடுத்து விடுவித்ததை நேரில் பார்த்தேன்.

இன்னொன்று, குன்னூர் அண்ணா ஹேண்ட் பிரேக் பற்றிச் சொன்னது எங்களுக்கு இன்னும் மோசம். இந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் ட்ரம் பின் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கிறது. பின் ஷாஃப்டைக் கழற்றினால், ஃபோர் வீல் போடாத வரை கியரும் இல்லை, ஹேண்ட் பிரேக்கும் இல்லை. பின் டிஃபரன்ஷியல் உருண்டையும் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் தள்ளி இருக்கும். நடுவில் உருண்டை இருக்கும் அச்சை மாட்டினால் ஷாஃப்ட் கீழேயும் சாயும், பக்கவாட்டிலும் சாயும். மேலிருந்து பார்த்தும் ஒரு கோணம் அளக்கணும்.


அரவேணு மார்க்-2:

எல்லாருக்கும் நன்றி. வேலை முடிந்தது, அதனால் எழுதுகிறேன்.

உக்கடத்தில் அந்த ஷாஃப்ட் குவியலின் அடியில் கிடந்தது. குழாய் நசுங்கியிருந்தது, யோக்கு நன்றாக இருந்தது. கிராஸ் அளவு ஒத்துப்போனது. கப் ஏற்றி லாக் போட்ட பிறகு யோக்கு கொஞ்சம் இறுக்கமாகத் திரும்பியது. காதில் செப்புச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டியதும் தன் எடையிலேயே விழும் அளவுக்கு லேசானது. மேடு பள்ளத்துக்குள் 'சொத்' என்று போய் உட்கார்ந்தது. தகட்டில் அந்தச் சத்தம் வரவே இல்லை. சாக்பீஸ் கோடு இப்போது பின் முனையிலும் முழு வட்டம். தகட்டைத் தேயிலை மூட்டை நிறுக்கும் தராசுக்குக் கீழே முட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஆப்பு கணபதி லேத்து அண்ணனிடமே கடைந்து வாங்கினேன். எனக்குப் பட்டைக்கு மேல்தான் அச்சு, அதனால் தடித்த பக்கம் பின்னால். சென்டர் போல்ட் எட்டவில்லை, நீளமானது போட்டேன். இப்போது பினியன் மூக்கு 2 டிகிரிக்குச் சற்றே மேல். வீட்டு வாசல் ஏற்றத்தில் முதல் கியரில் எடுத்தால் உதறல் இல்லை. பின்னால் ஆள் வைத்துக் கோத்தகிரி மார்க்கெட் ரோட்டுக் குழிகளில் இறக்கிப் பார்த்தேன், இடி இல்லை. காரமடை ரோட்டில் 60 சுத்தம். 70க்கு மேல் மெல்லிய ஒரு முனகல், அது இந்த வண்டியின் வயசு என்று விட்டுவிட்டேன்.

ஒரு சந்தேகம். பக்கத்தில் ஒருவர் காரில் கூடவே வந்தார். என் மீட்டர் 40 காட்டும்போது அவருடையது 43 காட்டுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?


குன்னூர் பட்டறை:

கெடவில்லை. மீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது, அச்சு மாறியது அதற்குத் தெரியாது. 4.875ஐ 4.556ஆல் வகு, 1.07. மீட்டர் 40 என்றால் நிஜத்தில் 43, 60 என்றால் 64. கிலோமீட்டர் கணக்கும் அதே அளவு குறைவாகத்தான் ஓடும், பெட்ரோல் கணக்குப் பார்க்கும்போது சேர்த்துக்கொள். கல்லட்டி மாதிரி இறக்கத்தில் இஞ்சின் பிடிப்பும் அதே ஏழு சதவீதம் குறைந்திருக்கும், பழைய நினைப்பில் மூன்றாவது கியரில் இறங்காதே.

500 கிலோமீட்டர் ஓடினதும் யூ போல்ட்டுகளைத் திரும்ப இறுக்கு. ஆப்பு வைத்த இடம் கட்டாயம் கொஞ்சம் தளரும். அச்சுக் கூட்டின் மேலே சின்ன மூச்சுத் துவாரம் ஒன்று இருக்கும், பழைய கடையில் கிடந்த அச்சில் அது மண்ணில் அடைந்திருக்கும். கம்பி விட்டுக் குத்திவிடு. இல்லையென்றால் ஆயில் சூடாகி, காற்று வெளியே போக வழியில்லாமல் சீல் வழியாக ஆயிலைத் தள்ளி பிரேக்கில் விடும். 90 ஆயில், ஈ.பி. ரகம், நிரப்பும் ஓட்டையின் விளிம்பு வரைக்கும்.


ஊட்டி டாக்ஸி:

தம்பி, அந்தப் பழைய அச்சின் ஹாஃப் ஷாஃப்ட் இரண்டும் என்ன பண்ணப் போறீங்க? எனக்கு வலது பக்கம் வேணும்.


அரவேணு மார்க்-2:

இருக்கு அண்ணா. வலது பக்கம் ஸ்ப்லைன் நன்றாக இருக்கிறது, இடது பக்கம் தேய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன், வந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.